பழைய ஃபோர்டின் இசைவான வேகம்

ஃபோர்டு மாடல் டி காரை முடுக்கிவிட்டால் மணிக்கு 65, 70 கிலோமீட்டர் வரை போகும். ஆனாலும் இன்று அந்தக் காரில் நெடுந்தூரம் போகிறவர்கள் பெரும்பாலும் 50-க்கும் 55-க்கும் இடையிலேயே ஓட்டுகிறார்கள். எஞ்சினை அக்கக்காகப் பிரித்து, புதிதுபோலச் செய்து பூட்டியவர்களும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். முதுமைதான் காரணம் என்றால், புதுப்பித்த கார் இன்னும் வேகமாக ஓட வேண்டுமே? காரணம் காரின் வயதில் இல்லை, அதன் அமைப்பில் இருக்கிறது.

இந்த வேகம் காரின் எந்தப் பலகையிலும் பொறிக்கப்பட்டதல்ல. எஞ்சினின் மூச்சு, பிஸ்டனின் அசைவு, எண்ணெயின் ஓட்டம், தண்ணீரின் சூடு, பிரேக்கின் பிடி என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு எல்லை வைக்கிறது. அத்தனை எல்லைகளும் சேர்ந்து இடம்கொடுக்கும் குறுகிய பரப்புதான் காருக்கு இசைவான வேகம். அதைக் கண்டுபிடிப்பது இயற்பியலின் பல அத்தியாயங்களை ஒரே சாலையில் படிப்பதற்குச் சமம்.

சக்கரத்திலிருந்து எஞ்சினுக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மாடல் டியின் டயர் 30 அங்குல விட்டம் கொண்டது. ஒரு சுற்றுக்குச் சுமார் 2.4 மீட்டர் உருளும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது சக்கரம் நிமிடத்துக்கு 348 முறை சுற்றுகிறது. பின் அச்சில் 11 பல் கொண்ட கியர், 40 பல் கொண்ட கியரைச் சுழற்றுகிறது. ஆகவே சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் 3.64 முறை சுற்றியாக வேண்டும். அதாவது 50 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,270 சுற்று சுற்றுகிறது. இன்றைய காரில் இது சோம்பலான ஓட்டம். மாடல் டிக்கு அப்படியல்ல.

2.9 லிட்டர் கொள்ளளவுள்ள அந்த எஞ்சினின் திறன் வெறும் 20 குதிரைத்திறன். அந்த 20-ம் கிடைப்பது 1,600 சுற்றில். ஆனால் முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருகித் தள்ளும் வலு, 900 சுற்றிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. கணக்குப் போட்டால் 900 சுற்றில் 14 குதிரைத்திறன் வந்துவிடும். அதற்குமேல் சுற்றை முக்கால் பங்கு கூட்டினாலும் கூடுவது ஆறு குதிரைத்திறன்தான். வால்வுகளும் காற்று புகும் வழிகளும் சிறியவை. சுழற்சி கூடக்கூட, ஒவ்வொரு சிலிண்டரும் நிறைய மூச்சிழுக்க நேரம் போதாமல் போகிறது.

900 சுற்று என்பது சாலையில் மணிக்கு 35 கிலோமீட்டர். 1,600 என்பது 63. நாம் தேடும் வேகம் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அதற்கு அழகான காரணம் உண்டு. 50-ல் போகும் கார் ஒரு மேட்டில் ஏறத் தொடங்கினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுழற்சி 900-ஐ நோக்கி இறங்கும், முறுக்குவிசையோ கூடும். தளரும்போது எஞ்சினே வலுவேற்றிக்கொண்டு காரைத் தாங்கிப்பிடிக்கிறது. 35-க்குக் கீழே இது தலைகீழாகிவிடுகிறது. வேகம் குறையக்குறைய வலுவும் குறைந்து, கார் திணறத் தொடங்கும்.

திணறினால் கியரை இறக்கலாமே என்று தோன்றும். மாடல் டியில் முன்னோக்கிப் போக இருப்பவை இரண்டே கியர். கீழ்க் கியருக்கு வந்தால் அதே வேகத்துக்கு எஞ்சின் 2.75 மடங்கு அதிகமாகச் சுற்ற வேண்டும். 35 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 2,500 சுற்று. அந்த எஞ்சினால் தாங்க முடியாத சுழற்சி அது. நடுவில் இன்னொரு கியர் இல்லாததால், மேல் கியரை விடாமல் மேடு ஏறும் அளவுக்கு வேகத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இசைவான வேகத்தின் கீழ் எல்லை இது.

அதிர்வின் கணிதம்

மேல் எல்லையை முதலில் உணர்வது ஓட்டுநரின் உடம்பு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வருகின்றன. ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு சுழலும்போது சாய்கிறது. அந்தச் சாய்வினால் பிஸ்டன் தன் பாதையின் மேல் பாதியைக் கீழ்ப் பாதியைவிட விரைவாகக் கடக்கிறது. ஆகவே ஏறுவதும் இறங்குவதும் முழுதாகச் சரிக்கட்டுவதில்லை. மிஞ்சும் விசை, ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை எஞ்சினை மேலும் கீழும் குலுக்குகிறது. 50 கிலோமீட்டரில் அது நொடிக்கு 42 குலுக்கல்.

ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் இந்தக் குலுக்கலை அடக்க எதிர்த்திசையில் சுழலும் எடைகளை வடிவமைத்தார். மாடல் டியில் அவை கிடையாது. அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் தாங்கிகளும் அதில் இல்லை. கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் அந்த ஏற்பாட்டைப் புகுத்தியது 1931-ல். மாடல் டியின் எஞ்சின் சட்டகத்தோடு இறுகப் பூட்டப்பட்டது. அதனால் ஒவ்வொரு குலுக்கலும் இருக்கைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நேரே வந்து சேர்கிறது.

இந்த விசை சுழற்சியின் வர்க்கத்தில் வளர்கிறது. 50-லிருந்து 60-க்குப் போனால் வேகம் 20 விழுக்காடு கூடுகிறது. குலுக்கும் விசையோ 44 விழுக்காடு கூடுகிறது. இதோடு ஒத்ததிர்வும் சேர்ந்துகொள்கிறது. காரின் ஒவ்வொரு உறுப்புக்கும் இயல்பான ஓர் ஆட்டம் உண்டு. தண்ணீர்க் குடத்தைச் சுமந்து நடப்பவருக்கு ஒரு குறிப்பிட்ட நடையில் மட்டும் தண்ணீர் தளும்பிச் சிந்தும். கொஞ்சம் மெதுவாக நடந்தாலும் விரைவாக நடந்தாலும் அடங்கும். காரிலும் அதேதான். ஒரு வேகத்தில் கண்ணாடிச் சட்டம் படபடக்கும், இன்னொன்றில் மட்கார்டு அதிரும், நடுவே ஓரிடத்தில் எல்லாம் அடங்கிக் கார் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த அமைதியான இடம் காருக்குக் கார் சில கிலோமீட்டர் மாறுபடும். அதனால்தான் அடுத்தவர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

உள்ளே நடப்பது

உடம்பு உணராத எல்லைகளும் உண்டு. 1,270 சுற்றில் பிஸ்டன் உச்சியில் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 100 மடங்குக்கும் மேல். நொடிக்கு 21 முறை நிகழும் இந்த இழுப்பைத் தாங்குவது பேபிட் என்ற மென்மையான உலோகப் பூச்சு. 1839-ல் ஐசக் பேபிட் உருவாக்கிய இந்தக் கலவையில் வெள்ளீயம் முதன்மையானது. ஆன்டிமனியும் செம்பும் சேரும். எண்ணெயில் தூசு வந்தால் பேபிட் அதைத் தன்னுள் புதைத்துக்கொண்டு கிராங்க் ஷாஃப்டைக் கீறலிலிருந்து காப்பாற்றும். ஆனால் மென்மையான உலோகம் என்பதால், ஓங்கி அடித்துக்கொண்டே இருந்தால் வெடிப்பு விடும்.

கிராங்க் ஷாஃப்டும் கனமானதல்ல. வனேடியம் எஃகில் செய்யப்பட்ட அதன் கழுத்துகள் 32 மில்லிமீட்டர் அளவே தடிமன். தாங்குவதற்கு மூன்று பேரிங்குகள். எதிர் எடைகள் இல்லை. ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 19-ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகளைச் சோதித்து ஒரு பேருண்மையைக் காட்டினார்: ஒரே அடியில் உடையாத எஃகு, அதைவிடக் குறைந்த விசையைத் திரும்பத் திரும்ப வாங்கினால் களைத்து உடையும். அந்த விசையைச் சற்றே குறைத்தால் தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகும். பழைய கிராங்க் ஷாஃப்ட் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தும் ஒருநாள் திடீரென இரண்டாக உடைவது இதனால்தான்.

எண்ணெய்க்கு பம்ப் கிடையாது. எஞ்சினின் பின்னால் 16 காந்தங்களைச் சுமந்து சுழலும் ஃப்ளைவீல், அடியில் தேங்கிய எண்ணெயை வாரி இறைக்கிறது. அதில் கொஞ்சத்தை ஒரு புனல் பிடித்து, குழாய் வழியே முன்பக்கம் அனுப்புகிறது. திரும்பி வரும் எண்ணெயில் தண்டுகளின் அடிமுனை தோய்ந்து தோய்ந்து போகிறது. அழுத்தம் கொடுத்து எண்ணெயைப் பேரிங்குக்குள் செலுத்தும் ஏற்பாடு இல்லாததால், சுமையைக் கூட்டிக்கொண்டே போக இதில் இடமில்லை.

தண்ணீருக்கும் பம்ப் இல்லை. மிகத் தொடக்கத்தில் வந்த சுமார் 2,500 கார்களில் மட்டும் அது இருந்தது. சூடான நீர் எடை குறைந்து மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறிய நீர் கீழே இறங்கும். 90 டிகிரி நீருக்கும் 20 டிகிரி நீருக்கும் அடர்த்தியில் வேறுபாடு மூன்று விழுக்காடு மட்டுமே. இவ்வளவு சிறிய எடை வித்தியாசம் ஓர் எஞ்சினையே குளிர்விக்கிறது என்பது வியப்பு. அந்த வியப்புக்கும் ஒரு வரம்பு உண்டு. முழு வலுவில் நெடுநேரம் ஓட்டினால் சூடு முந்திக்கொள்ளும், தண்ணீர் கொதிக்கும்.

காற்றும் பிரேக்கும்

காற்றை எதிர்த்துப் போகத் தேவைப்படும் திறன் வேகத்தின் கனத்தில் ஏறுகிறது. 50-லிருந்து 70-க்குப் போக அது 2.7 மடங்கு வேண்டும். நிமிர்ந்த கண்ணாடியும் உயர்ந்த கூரையும் கொண்ட காருக்கு, இருக்கும் 20 குதிரைத்திறனும் அதிலேயே கரைந்துவிடும். மேட்டுக்கோ எதிர்க்காற்றுக்கோ மிச்சம் இருக்காது.

பிரேக்கின் நிலை இன்னும் கவலைக்குரியது. மாடல் டியின் கால் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் ஒரு உருளையை ஒரு பட்டை இறுக்குகிறது. அந்தப் பிடி பின் அச்சு வழியாகப் பின் சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. முன் சக்கரங்களுக்குப் பிரேக்கே இல்லை. நிறுத்த வேண்டிய இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தில் வளர்வதால், 60-ல் அது 50-ல் இருந்ததைவிட 44 விழுக்காடு கூடுதல்.

சிலர் பின் அச்சின் கியர்களை மாற்றி, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அப்போது 50 கிலோமீட்டருக்கு எஞ்சின் 1,045 சுற்று சுற்றினால் போதும். குலுக்கலும் தேய்மானமும் உண்மையாகவே குறையும். ஆனால் பிரேக்கோ, ஸ்டீயரிங்கோ, மர ஆரச் சக்கரமோ அதனால் மாறுவதில்லை. எஞ்சின் கொடுத்த எல்லை மட்டும் விலகுகிறது. அந்த நிம்மதியில் வேகத்தைக் கூட்டுவது ஆபத்து.

சாலை மாறியது

எந்த வேகம் இசைவானது என்பதே நல்ல சாலைகள் எழுப்பிய கேள்வி. மாடல் டி பிறந்த அமெரிக்காவில் பெரும்பாலான சாலைகள் மண்ணும் சேறும். 1919-ல் அமெரிக்க இராணுவத்தின் வாகன அணி ஒன்று வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர 62 நாள் ஆனது. பின்னாளில் அதிபரான ஐசன்ஹோவரும் அதில் இருந்தார். சராசரி வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவே. உயரமான சக்கரங்களும் வளைந்துகொடுக்கும் சட்டகமும் அப்படிப்பட்ட பாதைகளுக்காக வந்தவை. மணிக்கணக்கில் த்ராட்டிலை ஒரே நிலையில் திறந்து வைத்துக்கொண்டு ஓட, அன்று சாலையே இடம் தரவில்லை. இன்றைய தார்ச்சாலை அந்தத் தடையை எடுத்துவிட்டது. அன்று சாலை செய்த கட்டுப்பாட்டை இன்று ஓட்டுநர் செய்ய வேண்டியிருக்கிறது.

தேடும் முறை

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில் மேல் கியரில் தொடங்க வேண்டும். மாடல் டியில் த்ராட்டில் கையில் இருக்கிறது. ஸ்டீயரிங்கின் வலப்புற நெம்புகோல் அது. இடப்புற நெம்புகோல் தீப்பொறி விழும் நேரத்தை மாற்றுவது. 1,270 சுற்றில் ஒரு சுற்றுக்கு நொடியின் இருபதில் ஒரு பங்குகூட ஆவதில்லை. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை எரிய அவகாசம் வேண்டுமென்பதால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். தாமதமானால் சூடு வீணாகி ரேடியேட்டருக்குப் போகும். முந்தினால் எஞ்சின் தட்டும். ஆகவே ஒவ்வொரு வேகத்திலும் முதலில் இடக்கையால் எஞ்சினைச் சமன்செய்துவிட்டு, அதன்பிறகே அதிர்வைக் கவனிக்க வேண்டும்.

பிறகு வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, எங்கே நடுங்குகிறது, எங்கே அடங்குகிறது என்று குறித்துக்கொள்ளலாம். பல மாடல் டி கார்களில் வேகமானி இருக்காது. இன்று கைபேசியே அதைக் காட்டிவிடும். அடங்கிய இடத்தில் அரைமணி நேரம் ஓட்டி, ரேடியேட்டரின் சூட்டைப் பார்க்க வேண்டும். ஒரு மேட்டில் ஏறிப் பார்க்க வேண்டும். ஆளில்லாத இடத்தில் பிரேக் போட்டு, நிற்க எவ்வளவு தூரம் ஆகிறது என்று அளக்க வேண்டும். இவற்றில் எது மிகக் குறைந்த வேகத்தைச் சொல்கிறதோ அதுவே தீர்ப்பு.

100 கிலோமீட்டர் தூரத்தை 50-ல் கடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும். 60-ல் கடந்தால் இருபது நிமிடம் மிச்சம். எந்த வேகத்தில் போனாலும் அந்தத் தூரத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள் ஒன்றேதான், சுமார் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். மாறுவது ஒவ்வொரு சுற்றிலும் பேபிட்டும் எஃகும் வாங்கும் அடி. இருபது நிமிடத்துக்காக அத்தனை சுற்றிலும் 44 விழுக்காடு கூடுதல் அடி வாங்கச் சொல்லலாமா என்பதே கேள்வி. நூறாண்டு தாண்டி நம் கைக்கு வந்திருக்கும் காரை அடுத்த தலைமுறைக்கும் ஓடுநிலையில் கொடுக்க வேண்டுமென்றால், அந்த இருபது நிமிடத்தை மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம்.