கடலூர்த் துறைமுகப் புயல் கூண்டு: இடம், வலம் என்னும் சொற்களின் பொருள்

முன்னுரை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும்போதெல்லாம், கடலூர்த் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட செய்தி வெளிவரும். பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் 1 முதல் 11 வரையிலான எண்களைக் குறிக்கின்றன. செய்தியுடன் எண்ணுக்கான பொருளும் தரப்படுவதுண்டு. அவ்விளக்கங்களில் 5, 8 ஆகிய எண்களுக்குப் புயல் துறைமுகத்தின் இடப்பக்கமாகக் கடக்கும் என்றும், 6, 9 ஆகிய எண்களுக்கு வலப்பக்கமாகக் கடக்கும் என்றும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. இத்தொடர்கள் மூல விதியின் பொருளை எந்த அளவுக்குத் தாங்குகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

யாருடைய இடப்புறம்?

துறைமுகத்துக்கு முகமோ முதுகோ இல்லை. எனவே துறைமுகத்தின் இடப்பக்கம் என்னும் தொடர், கேட்பவர் நிற்கும் நிலையைப் பொறுத்துப் பொருள் மாறும். கடலூர்க் கரையில் கிழக்கு நோக்கி நிற்பவருக்கு இடப்புறம் வடக்கு. பிடித்த மீனுடன் கரை நோக்கித் திரும்பும் படகுக்காரருக்கு இடப்புறம் தெற்கு. நிலப்படத்தைப் பார்ப்பவருக்கோ இடப்புறம் மேற்கு, அதாவது தரை.

மூல விதி இந்தக் குழப்பத்துக்கு இடம் தரவில்லை. அங்கே இடமும் வலமும் புயலுக்கு உரியவை. துறைமுகத்தைத் தன் இடப்புறத்தே வைத்துப் புயல் கடக்கும் என்பதே 5, 8 ஆகிய எண்களின் பொருள். தமிழில் இவ்வமைப்புக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. தில்லையின் தேர் வீதிகளில் வலம் வருவோர் கோயிலைத் தம் வலப்புறத்தே கொண்டு நடக்கின்றனர். அங்கு வலம் என்பது நடப்பவரின் வலமேயன்றிக் கோயிலின் வலம் அன்று. நகரும் பொருளே திசையை வரையறுக்கிறது. புயல் கூண்டின் இலக்கணமும் இதுவே.

மேற்கு நோக்கி வரும் புயலுக்கு இடப்புறம் தெற்கு. ஆகவே கடலூரில் 5ஆம் எண் ஏற்றப்பட்டால், புயல் கடலூருக்கு வடக்கே கரையேறும் என்று கொள்ள வேண்டும். கடலை நோக்கி நிற்பவருக்கு வழக்கிலுள்ள தமிழ்த் தொடரும் தற்செயலாகச் சரியான விடையையே தருகிறது. அதனால்தான் பிழை இதுவரை கண்ணில் படவில்லை போலும்.

திசை ஏன் முக்கியம்?

வட அரைக்கோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்கிறது. மேற்கு நோக்கி நகரும் புயலின் வடபுறத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். புயலின் நகர்வு வேகமும் அதனோடு சேரும். தென்புறத்தில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். புயலின் வலப்புறம் அமையும் ஊரில் நீர் கரையை நோக்கித் தள்ளப்பட்டுக் கடல்மட்டம் உயர்கிறது. கெடிலமும் உப்பனாறும் கடலில் சேரும் கடலூர் முதுநகரிலும், வெள்ளாற்று முகத்துவாரமான பரங்கிப்பேட்டையிலும் இவ்வுயர்வு ஆற்று வெள்ளம் வடிவதையும் தடுக்கக்கூடும். சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு அலையின் வேகத்தைக் குறைத்தாலும் நீர்மட்ட உயர்வை முற்றிலும் தடுப்பதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலுக்குக் கடலூர் வலப்புறத்தில், தொலைவில் இருந்தது. 2020 நவம்பர் 25 இரவு தொடங்கி மறுநாள் அதிகாலைக்குள் புதுச்சேரிக்கு வடக்கே கடந்த நிவர் புயலுக்குக் கடலூர் இடப்புறத்தில் அமைந்தது. 2011 டிசம்பர் 30 காலை வந்த தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. இவ்வளவு நெருக்கத்தில் இடம், வலம் என்ற வேறுபாடே பயன் குன்றிவிடுகிறது. துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ புயல் கடப்பதைக் குறிக்கும் 7, 10 ஆகிய எண்கள் இத்தகைய நிலைக்கே உரியவை. பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தது அப்புயலில்தான்.

கூண்டு சொல்லாதவை

கூண்டு எண் மழையின் அளவைக் கூறுவதில்லை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், நகராமல் நின்று பெய்த மழையாலேயே கடலூர், விழுப்புரம் மாவட்டங்களை மூழ்கடித்தது. அலை உயரத்தையும் கூண்டு கூறுவதில்லை. அதற்கு ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையத்தின் முன்னறிவிப்பை நாட வேண்டும். தொலைதூரக் கடலில் எழுந்து, உள்ளூர்க் காற்றே இல்லாத நாளிலும் கரையேறும் பேரலைக்குக் கேரள மீனவரின் கள்ளக்கடல் என்ற சொல் அறிவியல் வழக்கிலும் நிலைபெற்றுவிட்டது. கடலோர மக்களின் சொல் கலைச்சொல்லாக உயர்ந்ததற்கு இது நல்ல சான்று.

மொழிபெயர்ப்புக்கு ஒரு பரிந்துரை

இடம், வலம் ஆகியவற்றை நீக்கிவிட்டு வடக்கு, தெற்கு என்றே எழுதலாமே என்ற வினா எழலாம். கூண்டு முறை நாடு முழுமைக்கும் பொதுவானது. கரையின் போக்கும் புயலின் நகர்வும் இடத்துக்கு இடம் வேறுபடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னைக் கரையை ஒட்டி வடக்கு நோக்கி நகர்ந்தபோது அதன் இடப்புறம் மேற்காயிற்று. எனவே பொது விதியில் இடம், வலம் இருக்கட்டும். உள்ளூர் அறிவிப்பில் மட்டும், துறைமுகம் புயலின் இடப்புறம் அமையும் என்று எழுதி, அதனை அடுத்து, புயல் கடலூருக்கு வடக்கே கடக்கும் என்பதையும் சேர்த்தல் வேண்டும். வாடை, கொண்டல், கோடை, தென்றல் என நான்கு திசைக் காற்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கும் மொழியில், எந்தக் காற்று முதலில் வீசும் என்பதையும் ஒரு சொல்லில் குறித்துவிடலாம்.