தங்கவயல் இளைஞரும் ஆசிரியர் தேர்வும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கால்கொண்டபின் வளர்ந்த சுரங்கத் தொழிலை நம்பி வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் வேறு பிழைப்பைத் தேட வேண்டியவராயினர். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரயில்களில் பெருந்திரளானோர் இன்றும் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். உள்ளூரிலேயே நிலையான வாழ்வளிக்கக்கூடிய வேலைகளுள் அரசுப் பள்ளி ஆசிரியப் பணி ஒன்றாகும். அதற்கான தேர்வின் தன்மையை ஈண்டு விளக்குவோம்.

இரு படிகள்

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் தேசிய ஆசிரியர் கல்விக் குழு அதே ஆண்டு ஆகஸ்டு 23-இல் வெளியிட்ட அறிவிக்கை, ஆசிரியப் பயிற்சியுடன் தகுதித் தேர்வில் தேர்ச்சியையும் கட்டாயமாக்கியது. தகுதித் தேர்வு முதற்படி மட்டுமே. அதில் வென்றவர் நியமனத்தை உரிமையாகக் கோர இயலாது. அரசு தனியே நடத்தும் போட்டித் தேர்வு அடுத்த படியாகும். கர்நாடகத்தில் 2022-இல் 15,000 பட்டதாரி ஆசிரியர் இடங்களுக்கு அத்தகைய தேர்வு நடைபெற்றது. தகுதிச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும் என 2021-இல் அறிவிக்கப்பட்டதால், முதற்படியை ஒரு முறை கடந்தாலே போதும்.

தேர்வின் அமைப்பு

ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு முதல் தாள். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு இரண்டாம் தாள். ஒவ்வொன்றிலும் 150 வினாக்கள், 150 மதிப்பெண்கள். முதல் தாளில் குழந்தை வளர்ச்சி, முதல் மொழி, இரண்டாம் மொழி, கணிதம், சூழ்நிலையியல் ஆகியவற்றுக்குத் தலா 30 வினாக்கள். பொதுப் பிரிவினர் 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண்கள் பெறவேண்டும். அட்டவணைச் சாதியினர், பழங்குடியினர் முதலியோர்க்கு மாநிலங்கள் சலுகை அளிக்கின்றன. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆகவே எவ்வினாவையும் விடாது எழுதுதல் நன்று.

மொழித் தெரிவு

தங்கவயல் மாணவர்க்கு முக்கியமான முடிவு இதுவே. முதல் மொழியாகத் தமிழைத் தெரிவு செய்யலாம். இரண்டாம் மொழியாகக் கன்னடத்தையோ ஆங்கிலத்தையோ கொள்ளலாம். எளிதென்று கருதி ஆங்கிலத்தை நாடுவோர் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். சுற்றறிக்கை, பள்ளிப் பதிவேடு, பணியிடைப் பயிற்சி யாவும் பெரும்பாலும் கன்னடத்திலேயே அமைகின்றன. மாநிலப் பணிக்குக் கன்னட அறிவும் வேண்டப்படுகிறது. தேர்வுக்கென இன்று கற்கும் கன்னடம் பணிக்காலம் முழுவதும் துணை நிற்கும். தெருவிற் பேசும் கன்னடம் மட்டும் போதாது. மாநிலப் பாடநூல்களைக் கீழ் வகுப்பிலிருந்து வரிசையாகப் படித்து, நாளுக்கு ஒரு பக்கம் எழுதிப் பழகவேண்டும்.

குழந்தையை அறிதல்

குழந்தை வளர்ச்சிப் பகுதியை மனப்பாடத்தால் வெல்வது கடினம். அகன்ற பாத்திரத்து நீரை ஒடுங்கிய உயரமான குவளையில் ஊற்றினால், ஐந்து வயதுக் குழந்தை நீர் கூடிவிட்டதாகவே எண்ணும். ஏறத்தாழ ஏழு வயதுக்குப் பின்னரே அளவு மாறவில்லை என உணரும் என்பது பியாஜே கண்ட முடிவு. "இக்குழந்தைக்கு எவ்வாறு கற்பிப்பீர்?" என்ற வகையில் வினா எழும்போது, அதட்டித் திருத்துவது விடையாகாது, குழந்தையையே ஊற்றி அளக்கச் செய்வதே விடை. தம் வீட்டுச் சிறுவரிடம் இதைச் செய்து பார்ப்பவர் மறக்கமாட்டார்.

ரயிலில் செல்வோர் பயண நேரத்தைக் குறிப்புகளைத் திரும்பப் படிக்கவும், ஞாயிறு ஒன்றை முந்தைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்கவும் ஒதுக்கலாம்.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்தல் வேண்டும் என்று, 1956-இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகிறது. வகுப்பறையில் ஆசிரியர் இல்லையேல் அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். இத்தேர்வில் வெற்றிபெறும் தங்கவயல் இளைஞர் தம் குடும்பத்தை மட்டுமன்றி, ஒரு தமிழ் வகுப்பையும் வாழவைப்பவராவார்.