கல்யாணத்துக்கு முதல் நாள் 'வாக்சிங்' வேண்டாம்! மறைவிட முடி எடுக்கும் பெண்கள் உஷார்

முகூர்த்த நாள் நெருங்கி விட்டால் நகை கடை, ஜவுளி கடை போலவே பியூட்டி பார்லர்களிலும் கூட்டம் அலைமோதும். முன்பெல்லாம் மணப்பெண் அலங்காரம் என்றால் தலை பின்னி, பூ வைத்து, மருதாணி போடுவதோடு முடிந்து விடும். இப்போது பேசியல், பிளீச்சிங், கை-கால் வாக்சிங் என்று எல்லாம் சேர்ந்து 'பேக்கேஜ்' ஆகி விட்டது. அந்த பட்டியலின் கடைசி வரியில் 'பிகினி வாக்ஸ்' என்று ஒன்றும் சத்தம் இல்லாமல் சேர்ந்து கொண்டிருக்கிறது. பெரிய நகரங்களில் மட்டும் இருந்த இந்த பழக்கம் இப்போது சின்ன ஊர்களிலும் எட்டிப்பார்க்க தொடங்கி விட்டது.

அடிவயிற்றுக்கு கீழேயும் தொடை இடுக்கிலும் உள்ள முடியை, சூடான மெழுகு தடவி வேரோடு பிடுங்கி எடுப்பதுதான் இது. ஒரு தடவை எடுத்தால் 3 முதல் 6 வாரம் வரை முடி வளராது. பிளேடு போட்டால் வருகிற குத்தலும், கீறலும் இதில் கிடையாது. அதனால்தான் பெண்கள் இதை தேடி போகிறார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பலர் வாழ்க்கையில் முதல் முறையாக இதை செய்து கொள்வதே கல்யாணத்துக்கு முதல் நாள்தான். அம்மாவிடம் கேட்க கூச்சம். அக்காவிடம் கேட்டால் கிண்டல். பார்லரில் சொல்வதுதான் வேதவாக்கு. மறுநாள் கனமான பட்டுப்புடவை, இறுக்கி கட்டிய பாவாடை நாடா, மண்டப கூட்டம், ஓமப்புகை, வியர்வை. அன்று ராத்திரியே சாந்தி முகூர்த்தம். பிடுங்கிய இடத்தில் மயிர்க்கால்கள் எல்லாம் திறந்து கிடக்கும் நேரத்தில் இத்தனையும் சேர்ந்தால் என்ன ஆகும்? சிவந்து, வீங்கி, சீழ் கட்டி, உட்கார கூட முடியாமல் மறுவீட்டுக்கு போகிற நிலைமைதான்.

அந்த முடி அழுக்கா?

முதலில் ஒரு விஷயம். அந்த இடத்து முடி அழுக்கு அல்ல, நோயும் அல்ல. தோல் தோலோடு உரசாமல் காப்பதற்காக இயற்கை கொடுத்ததுதான். அதை எடுத்தே தீர வேண்டும் என்று மருத்துவத்தில் எந்த கட்டாயமும் இல்லை. தினமும் தண்ணீர் விட்டு கழுவி, ஈரம் போக துடைத்தாலே சுத்தம்தான். நீளமாக இருந்தால் கத்தரிக்கோலால் கொஞ்சம் வெட்டி விடலாம், செலவும் இல்லை, காயமும் இல்லை. சுகப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகும் முன்பு பிளேடால் மழித்து விட்டு போகிற பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதை வழக்கமாக செய்ய தேவை இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலில் சொல்லி விட்டது.

முஸ்லிம்கள் மறைவிட முடி எடுப்பதை சுத்தத்தின் ஒரு பகுதியாகவே கடைப்பிடிக்கிறார்கள். எகிப்து, அரபு நாடுகளில் சர்க்கரை பாகு தடவி முடி எடுப்பது காலம் காலமாக உள்ள வழக்கம். முழுவதும் எடுக்கும் 'பிரேசிலியன் வாக்ஸ்' மட்டும் புதுசு. பிரேசிலில் இருந்து போன 7 சகோதரிகள் நியூயார்க் நகரில் 1987-ல் திறந்த கடையில் இருந்துதான் அது உலகம் முழுக்க பரவியது. எனவே எடுப்பதும் எடுக்காததும் அவரவர் விருப்பம். எடுப்பது என்று முடிவு செய்தால் முறையாக எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

எத்தனை நாள் முன்பு?

கல்யாணத்துக்காக செய்வதாக இருந்தால் 2 மாதம் முன்பே ஒரு தடவை செய்து பார்த்து விட வேண்டும். தோல் ஏற்றுக்கொள்கிறதா, தடிக்கிறதா என்பது அப்போதே தெரிந்து விடும். கடைசி தடவையை கல்யாணத்துக்கு 4 அல்லது 5 நாள் முன்பு வைத்துக்கொள்ளலாம். சிவப்பும், சிறு சிறு பொரியும் அதற்குள் அடங்கி விடும்.

மாதவிலக்குக்கு சற்று முன்பும், அந்த நாட்களிலும் பலருக்கு வலி அதிகம் தெரியும். அதையும் கணக்கு போட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டில் இதையும் ஒரு கணக்கு பார்த்தால் தப்பில்லை.

முடி ஒரு அரிசி நீளத்துக்கு, அதாவது கால் அங்குலம் இருக்க வேண்டும். அதை விட குட்டையாக இருந்தால் மெழுகு பிடிக்காது, முடி பாதியில் அறுந்து உள்ளேயே நின்று விடும். அதனால் 2, 3 வாரம் முன்பிருந்தே பிளேடை தொடக்கூடாது. ரொம்ப நீளமாக இருந்தால் கத்தரித்து விட்டு போக வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கும் போது உயிர் போய் விடும்.

போகிற அன்று சாதாரண சோப்பு போட்டு குளித்து, நன்றாக துடைத்து விட்டு போனால் போதும். எண்ணெய், கிரீம் எதுவும் தடவக்கூடாது. முதல் தடவை என்றால் ஒரு நாள் முன்பே தொடையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மெழுகு போட்டு எடுத்து பார்க்க சொல்லலாம்.

ஒரே சட்டி, ஒரே குச்சி

பார்லரில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மெழுகு சட்டியில் குச்சியை விட்டு எடுத்து உடம்பில் தடவுவார்கள். அதே குச்சியை மறுபடியும் சட்டியில் விடுவார்கள். காலையில் வந்த பெண்ணுக்கும், சாயங்காலம் வந்த பெண்ணுக்கும் அதே சட்டிதான். மெழுகு சூடாகத்தானே இருக்கிறது, கிருமி செத்து விடாதா என்று நினைக்க தோன்றும். சாகாது. தோல் தாங்குகிற சூட்டில் கிருமி சாவதில்லை. கிருமியை கொல்கிற அளவுக்கு சூடாக்கினால் தோலும் வெந்து விடும்.

தடவும் ஒவ்வொரு முறைக்கும் புது குச்சி எடுக்க வேண்டும். புது கையுறை, படுக்கையில் புது காகித விரிப்பு இருக்க வேண்டும். ஏற்கனவே பயன்படுத்திய மெழுகை வடிகட்டி மறுபடி காய்ச்சுவதாக தெரிந்தால் எழுந்து வந்து விடுவதே நல்லது. "புது குச்சி எடுங்க அக்கா" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? காசு கொடுப்பது நாம்தானே.

மெழுகை முதலில் மணிக்கட்டில் தொட்டு சூடு பார்க்க சொல்ல வேண்டும். முடி உள்ள வெளித்தோலில் மட்டுமே போட வேண்டும். உள்பக்கம் உள்ள மெல்லிய சவ்வு பகுதியில் போடவே கூடாது. தோலை ஒரு கையால் இறுக்கி பிடித்துக்கொண்டு, மேல் நோக்கி தூக்காமல் உடம்பை ஒட்டியபடி வெடுக்கென்று இழுப்பதுதான் முறை. ஒரே இடத்தில் திரும்ப திரும்ப போட்டால் தோலே உரிந்து வந்து விடும்.

இதெல்லாம் சும்மா பயமுறுத்துவது அல்ல. ஆஸ்திரேலியாவில் சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாத 20 வயது பெண் ஒருவர் இப்படி வாக்சிங் செய்து கொண்ட பிறகு, ரத்தம் வரை கிருமி பரவி உயிருக்கு போராடும் நிலைக்கு போய் விட்டார். கூடவே பிறப்புறுப்பில் அக்கி கொப்புளங்களும் வந்தன. ஆஸ்பத்திரி சிகிச்சையில்தான் பிழைத்தார். 2007-ல் மருத்துவ இதழ் ஒன்றில் டாக்டர்கள் இதை எழுதினார்கள். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 2 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததால் 2009-ல் இதற்கு தடை போடவே யோசித்தார்கள். பார்லர்காரர்கள் எதிர்ப்பு தெரிவித்ததால் அது கைவிடப்பட்டது.

யார் செய்யவே கூடாது?

சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் இந்த பக்கமே போகக்கூடாது. அவர்களுக்கு சின்ன காயமும் ஆறாது. அந்த இடத்தில் கட்டி, புண், படர்தாமரை, மரு, பாலுண்ணி இருப்பவர்களும் முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மெழுகே அதை இடுப்பு முழுக்க பரப்பி விடும். முகப்பருவுக்கு 'ஐசோட்ரெட்டினாயின்' மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை நிறுத்தி 6 மாதம் வரை வாக்சிங் செய்யாமல் இருப்பது நல்லது. அந்த மாத்திரை தோலை மெல்லியதாக்கி விடும் என்பதால் மெழுகோடு தோலும் கிழிந்து வரலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் செய்யக்கூடாது.

வீட்டில் பாகு காய்ச்சுவோருக்கு...

பார்லருக்கு போக கூச்சப்பட்டு, சர்க்கரை, எலுமிச்சை சாறு, தண்ணீர் கலந்து அதிரசத்துக்கு பாகு காய்ச்சுகிற மாதிரி வீட்டிலேயே காய்ச்சி தடவுகிறவர்களும் உண்டு. கொதிக்கிற தண்ணீரை விட பாகு சூடு அதிகம். கொட்டினால் வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு வேக வைக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறாமல் தொடவே கூடாது. குனிந்து கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் தானாக போட்டுக்கொள்வது இன்னும் ஆபத்து.

தீப்புண் பட்டு விட்டால் குழாய் தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். பேஸ்ட், இங்க், ஐஸ் கட்டி எதுவும் வைக்கக்கூடாது. ஒட்டிய பாகு தண்ணீரிலேயே கரைந்து விடும். கடை மெழுகு ஒட்டி இருந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டு துடைத்தால் வந்து விடும்.

எடுத்த பிறகு 2 நாள்

முதல் 2 நாள்தான் முக்கியம். சுடு தண்ணீர் குளியல் வேண்டாம், வெதுவெதுப்பாக அல்லது பச்சை தண்ணீரில் குளிக்கலாம். குளம், ஆறு, நீச்சல் குளம் பக்கம் போகக்கூடாது. வியர்த்து கொட்டும் வேலையை தள்ளி வைக்க வேண்டும். மில்லில், வயலில் வேலைக்கு போகும் பெண்கள் லீவு நாளுக்கு முதல் நாள் செய்து கொள்வது நல்லது. நைலான் உள்ளாடை, இறுக்கமான லெக்கின்ஸ், ஜீன்ஸ் வேண்டாம். தளர்வான பருத்தி துணி போதும். தாம்பத்திய உறவும் 2 நாளைக்கு கூடாது. இதை கணவரிடம் வாய் விட்டு சொல்லி விட வேண்டும்.

எரிச்சல் இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை 10 நிமிடம் வைக்கலாம். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் ஒன்று போடலாம். கிருமி சாகட்டும் என்று டெட்டாலை தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுகிறார்கள். எலுமிச்சை, மஞ்சள் அரைத்து பூசுகிறார்கள். திறந்த தோலில் இதெல்லாம் எரிச்சலைத்தான் கூட்டும். சென்ட், வாசனை பவுடரும் வேண்டாம்.

3 நாள் கழித்து குளிக்கும் போது ஈரத்துணியால் லேசாக தேய்த்து விட்டால் முடி உள்ளுக்குள்ளேயே சுருண்டு வளர்வது குறையும். அப்படி வளர்ந்து கருப்பு புள்ளியாக தெரிந்தால் ஊசி, பின் வைத்து குத்தி எடுக்கக்கூடாது. பெரும்பாலும் தானாக வெளியே வந்து விடும்.

மெடிக்கல் ஷாப் ஆயின்மென்ட்

சொந்தக்காரர் யாரையாவது அனுப்பி, "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வர சொல்வதுதான் இங்கே நடக்கிற பெரிய தப்பு. அப்படி கிடைக்கிற பல டியூப்களில் ஸ்டீராய்டு, காளான் மருந்து, கிருமி மருந்து மூன்றும் கலந்து இருக்கும். தடவிய ராத்திரியே அரிப்பு நின்று விடும். ஆகா என்ன மருந்து என்று தொடர்ந்து தடவுவார்கள். உள்ளே படர்தாமரை சத்தம் இல்லாமல் பரவும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவ கோடு மாதிரி வரி வரியாக விழும். அந்த கோடு மறைவதே இல்லை. ஒரே டியூபை கணவரும் தடவ, குடும்பத்துக்கே படர்தாமரை வந்து விடும். ஸ்டீராய்டு கிரீம்கள் 14 வகையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே உத்தரவு போட்டது. ஆனாலும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன.

ஆண்களுக்கும் இது பொருந்தும். ஒரே ரேசரை அண்ணன், தம்பி மாற்றி மாற்றி மறைவிடத்துக்கு போடுவது மஞ்சள் காமாலை கிருமி வரை கொண்டு வந்து விடும்.

எப்போது ஆஸ்பத்திரி?

சிவப்பும், சிறு பொரியும் ஓரிரு நாளில் அடங்கினால் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, தொட்டால் சூடாக இருப்பது, சீழ், கொத்து கொத்தாக வலிக்கும் கொப்புளம், அரையில் நெறி கட்டுவது, சிறுநீர் போக முடியாத எரிச்சல், காய்ச்சல், குளிர் நடுக்கம் இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரை பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் விடியட்டும் என்று கூட காத்திருக்கக்கூடாது.

மாவட்ட தலைமை அரசு ஆஸ்பத்திரியிலும், அரசு மருத்துவ கல்லூரி ஆஸ்பத்திரியிலும் தோல் நோய் பிரிவு உள்ளது. பணம் கிடையாது. பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் டாக்டராகவே இருந்தாலும் நர்ஸ் ஒருவர் கூட இருக்கும் போதுதான் பரிசோதிப்பார். போக தயக்கமாக இருந்தால் 104 என்ற எண்ணுக்கு போன் செய்து ஆலோசனை கேட்கலாம். அங்கே போய் வேறு காரணம் சொல்லி மழுப்பாமல் வாக்சிங் செய்தது, எந்த நாளில் செய்தது, என்ன ஆயின்மென்ட் தடவியது என்பதை அப்படியே சொல்லி, அந்த டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.