படத்தில் வேண்டாததை நீக்குவது எப்படி?

அப்பாவின் முதல் வருடத் திதிக்கு அவர் படம் ஒன்றைப் பெரிதாக்கி பிரேம் போட வேண்டும் என்றார் அம்மா. அப்பா தனியாக நிற்கும் படம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாசலில் வேட்டி சட்டையோடு நிற்கிறார். முகம் தெளிவாக இருக்கிறது. ஆனால் தலைக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பி ஒன்று குறுக்கே ஓடுகிறது. காலருகே பச்சை நிற பிளாஸ்டிக் வாளி. சுவரோரம் பழைய சைக்கிள்.

இவற்றை நீக்க விலை கொடுத்து சாப்ட்வேர் வாங்கத் தேவையில்லை. கிம்ப் என்ற இலவச சாப்ட்வேர் போதும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 1995-ல் எழுதத் தொடங்கியது இது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். 2025 மார்ச்சில் இதன் 3.0 பதிப்பு வெளிவந்தது. நான் சொல்லப் போகும் கீகள் பழைய 2.10 பதிப்புக்கும் பொருந்தும்.

முதல் வேலை: நகல்

படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தேன். அந்த ஃபைலை வேறு ஒரு ஃபோல்டரில் காப்பி செய்து வைத்துவிட்டு, காப்பியைத்தான் கிம்ப்பில் திறந்தேன். இதைத் தவறாமல் செய்யுங்கள். ஏன் என்பது கடைசியில் புரியும்.

அடுத்து லேயர் மெனுவில் டூப்ளிகேட் லேயர் கொடுங்கள். பிறகு அதே மெனுவில் டிரான்ஸ்பரன்ஸி சென்று, ஆட் ஆல்ஃபா சேனல் கிளிக் செய்யுங்கள். இனி மேலே உள்ள லேயரில் மட்டும் வேலை. அசல் படம் கீழ் லேயரில் பத்திரமாக இருக்கும்.

கம்பியை நீக்குதல்

கீபோர்டில் சி கீயைத் தட்டினால் குளோன் டூல் வரும். இது படத்தின் ஓரிடத்தில் இருப்பதை எடுத்து இன்னோரிடத்தில் பூசும். கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி, கம்பிக்குச் சற்று மேலே வெறும் சுவரில் கிளிக் செய்யுங்கள். "இங்கிருந்து எடு" என்று சொல்லிவிட்டோம். டூல் ஆப்ஷன்ஸில் அலைன்மென்ட் என்பதை அலைன்டு என மாற்றுங்கள். பிரஷ்ஷின் அளவு கம்பியின் தடிமனைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். ஓரம் மென்மையான பிரஷ் நல்லது.

இப்போது கம்பியின் ஒரு முனையில் கிளிக் செய்து, ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி மறுமுனையில் கிளிக் செய்யுங்கள். நேர்கோட்டில் கம்பி மறைந்துவிடும். முழு நீளத்தையும் ஒரே மூச்சில் செய்யாமல், சிறு சிறு துண்டுகளாகச் செய்யுங்கள். தலைமுடி, தோள் அருகே வரும்போது படத்தைப் பெரிதாக்கி, சிறிய பிரஷ்ஷால் மெதுவாகச் செய்ய வேண்டும். தவறினால் கன்ட்ரோல் இசட்.

வாளியை நீக்குதல்

வாளி இருந்த சிமென்ட் தரையில் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். குளோன் செய்தால் ஒட்டுப் போட்டதுபோல் தெரிந்தது. முதலில் குளோன் டூலால் வாளியை மூடிவிட்டு, பிறகு எச் கீயைத் தட்டி ஹீல் டூல் எடுத்தேன். பயன்படுத்தும் முறை ஒன்றேதான். ஆனால் ஹீல் டூல், பூசும் இடத்தைச் சுற்றியுள்ள நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும். கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் ஓரங்களில் மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே கறை படிந்ததுபோல் ஆகிவிடும். பொருளை நீக்கினால் அதன் நிழலையும் நீக்க மறக்காதீர்கள். நான் மறந்து, வாளி இல்லாமல் வாளியின் நிழல் மட்டும் கிடந்தது!

இன்னொன்று. ஒரே இடத்திலிருந்தே எடுத்துப் பூசினால் அதே கறை, அதே விரிசல் மறுபடி மறுபடி தெரியும். 2006-ல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட பெய்ரூட் படம் ஒன்றில், ஒரே மாதிரியான புகைச்சுருள்கள் திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்துத்தான் குளோன் செய்தது என்று கண்டுபிடித்தார்கள். அடிக்கடி எடுக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

செல்போனில் விரலால் தேய்த்தாலே பொருளை நீக்கும் வசதிகள் 2021-க்குப் பிறகு பரவலாகிவிட்டன. வெறும் சுவர், வானம் என்றால் அவை போதும். முகத்தை ஒட்டிய இடத்தில் அவை இல்லாததை வரைந்துவிடலாம் என்பதால், இந்தப் படத்தில் நான் கையாலேயே செய்தேன்.

சேவ் செய்யும்போது

சேவ் கொடுத்தால் கிம்ப் தன் சொந்த எக்ஸ்.சி.எஃப். முறையில் லேயர்களோடு சேமிக்கும். ஸ்டுடியோவில் கொடுக்க, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் மூலம் ஜேபெக்காக மாற்றுங்கள். குவாலிட்டி 90-க்குக் குறைய வேண்டாம். அதே மெனுவில் உள்ள ஓவர்ரைட் பக்கம் போகாதீர்கள். அது திறந்த ஃபைலையே அழித்து எழுதிவிடும்.

இரண்டு மாலை வேலை. கம்பி, வாளி, சைக்கிள் எல்லாம் போய், சுத்தமான சுவர் முன்னால் அப்பா. பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சைக்கிள் எங்கேடா?"

"பழசும்மா, அசிங்கமா இருந்தது. எடுத்துட்டேன்."

"முப்பது வருஷம் அதுலதானே வேலைக்குப் போனாரு."

மேல் லேயரை எரேசர் டூலால் சைக்கிள் இருந்த இடத்தில் மட்டும் அழித்தேன். கீழ் லேயரிலிருந்து சைக்கிள் திரும்ப வந்தது. நகல் வைக்காமல் வேலை செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எது வேண்டாதது என்று படத்துக்கு உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மவுஸைத் தொடுங்கள்.