கறுப்பு அலகைக் கவனியுங்கள்

காலை ஆறரை மணிக்கு எங்கள் பால்கனியில் பாட்டு வகுப்பு தொடங்கிவிடும். கூண்டின் கீழ்க் குச்சியில் ஐந்து வாரக் குஞ்சு ஒன்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டு முணுமுணுக்கும். பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கும்போது எழுமே, அந்தக் கரகரப்புதான். மேல் குச்சியிலிருந்து அப்பன் பறவை தன் பாட்டை ஒரு தடவை எடுத்துவிடும். குஞ்சு சட்டென்று அடங்கி, கழுத்தை நீட்டிக் கேட்கும். அப்பன் நிறுத்தியதும் மறுபடி முணுமுணுப்பு. அப்பனின் அலகு பவழச் சிவப்பு. குஞ்சின் அலகு இன்னும் கறுப்பு.

இவை ஜீப்ரா ஃபின்ச்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட, சுமார் 12 கிராம் எடையுள்ள தானியக் குருவிகள். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, நெஞ்சில் வரிக்குதிரைக் கோடுகள், விலாவில் வெள்ளைப் புள்ளிகள். பெண் சாம்பல் நிறம். நாட்டுப் பறவைகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை ஆஸ்திரேலியா 1960லேயே தடைசெய்துவிட்டது. நம் கடைகளில் விற்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்து வளர்ந்தவை.

இவற்றில் ஆண் மட்டுமே பாடும். அந்தப் பாட்டும் பிறவியிலேயே வருவதில்லை. கேட்டுக் கற்க வேண்டும். பிறந்த 25ஆம் நாள் வாக்கில் குஞ்சு பாட்டை மனதில் பதிக்கத் தொடங்கும். 35ஆம் நாளையொட்டித் தானும் பாடிப் பார்க்கும். சுமார் 90 நாளில் பாட்டு கெட்டிப்பட்டுவிடும். அதன்பின் ஆயுசுக்கும் அதுதான். மழலை பேசிப் பேசி நம் பிள்ளைகள் மொழிக்கு வருவதும் இப்படித்தானே? அதனால்தான் இந்தக் குருவி மூளை ஆய்வுக்கூடங்களில் இவ்வளவு மதிக்கப்படுகிறது. பறவைகளில் கோழிக்கு அடுத்ததாக மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டதும், 2010இல், இதற்குத்தான்.

தூக்கத்திலும் பாடம் ஓய்வதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் அமிஷ் தவே, டேனியல் மர்கோலியாஷ் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பாடும்போது மூளையின் நரம்பணுக்கள் எந்த வரிசையில் துடிக்கின்றனவோ, ஏறக்குறைய அதே வரிசையில் உறங்கும்போதும் துடிக்கின்றன. வாய் திறக்காமலே ஒத்திகை நடக்கிறது.

ஆசானே இல்லாமல் வளர்ந்தால்? அந்த ஆண் பறவையும் பாடும். ஆனால் இழுத்து இழுத்து, தாளம் தப்பி. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படித் தனித்து வளர்ந்த ஆண்களையே குஞ்சுகளுக்கு ஆசானாக வைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் அந்தக் கோணல் பாட்டைக் கொஞ்சம் திருத்திக் கற்றன. அவற்றிடம் கற்றவை இன்னும் திருத்தின. மூன்று, நான்கு தலைமுறையில் பாட்டு இயல்புக்கு நெருங்கிவிட்டது. தனியாக வளர்ந்த ஒரு பறவை இழந்ததை மீட்க இத்தனை தலைமுறை தேவைப்பட்டது.

கேட்பது முட்டைக்குள்ளேயே தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைலீன் மாரியெட்டும் கேத்தரின் புக்கானனும் 2016இல் கண்டது இது: வெப்பம் 26 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால், அடைகாக்கும் கடைசி நாட்களில் தாயும் தந்தையும் முட்டையைப் பார்த்துத் தனிவகைக் குரல் கொடுக்கின்றன. அதைக் கேட்டுப் பொரிந்த குஞ்சுகள், சூடான கூட்டில் உடம்பைப் பெருக்காமல் சிறியவையாக வளர்ந்தன. பிறகு இனப்பெருக்கத்தில் சோடை போகவும் இல்லை. 'வெளியே வெயில்' என்ற சேதி ஓட்டைத் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போனால் மனம் கனக்கிறது. ஐந்தாறு வாரத்தில் குஞ்சு தானாகத் தானியம் கொத்தும். உடனே பிரித்து விற்றுவிடுகிறார்கள். கறுப்பு அலகோடு விற்பனைக்கு வரும் ஆண் குஞ்சு, பாதிப் பாடத்தில் பள்ளியிலிருந்து இழுத்து வரப்பட்ட பிள்ளை. செல்போனில் ஃபின்ச் பாட்டைப் போட்டுவிட்டால் சரியாகிவிடாது. வெறும் ஒலிபெருக்கியிடம் இவை சரிவரக் கற்பதில்லை. எதிரே உயிருள்ள ஆசான் வேண்டும்.

ஆகவே, வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒற்றைப் பறவை வாங்காதீர்கள். இவை கூட்டமாக வாழ்ந்து, ஜோடி சேர்ந்தால் பிரியாமல் இருப்பவை. கையில் வைத்துக் கொஞ்சும் பறவையும் அல்ல, பார்க்கவும் கேட்கவும்தான். உயரமான கூண்டைவிட நீளமான கூண்டு நல்லது; இவை மேலே ஏறுவதில்லை, பக்கவாட்டில் பறக்கின்றன. தினையும் சாமையும் அன்றாட உணவு. கொஞ்சம் கீரை, சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு, குளிக்க ஒரு தட்டில் தண்ணீர் போதும். நான்ஸ்டிக் சட்டி காய்ந்து தீய்ந்தால் எழும் புகை பறவைகளைக் கொன்றுவிடும். கூண்டைச் சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள். கூட்டுப்பானை உள்ளேயே இருந்தால் பெண் ஓயாமல் முட்டையிட்டு நலிந்துபோகும். குஞ்சுகள் வெளியே வந்து தாமே தின்னப் பழகியதும் பானையை எடுத்துவிட்டால் தாய்க்கு ஓய்வு. குஞ்சுகளுக்கும் அப்பனிடம் பாடம் கேட்க அவகாசம்.

இன்னொன்று. வயலில் திரியும் நம்மூர்ச் சில்லைகளைப் பிடித்து, சில நேரம் சாயமும் பூசி, 'ஃபின்ச்' என்று விற்பவர்கள் உண்டு. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவை இருக்க வேண்டிய இடம் வயல்தான்.

எங்கள் குஞ்சின் அலகு அடியிலிருந்து மெல்லச் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. முணுமுணுப்பில் அப்பன் பாட்டின் முதல் இரண்டு கூவல் மட்டும் இப்போது தெளிவாகக் கேட்கிறது. மீதி இனிதான் வரவேண்டும். நீங்கள் கடையில் கூண்டின் முன் நிற்கும்போதும் முதலில் அலகைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் கடைக்காரரிடம் சொல்லுங்கள்: "இது இன்னும் ரெண்டு மாசம் அப்பன்கூடவே இருக்கட்டும்ணே. அப்புறமா வந்து வாங்கிக்கிறேன்."