நண்பரின் நாவில் நஞ்சிருந்தால்?

திருவள்ளுவர் நட்பினைப்பற்றி ஓர் அதிகாரத்தோடு அமைந்தாரல்லர். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்துள்ளார். ஆராய்ந்தே நட்புக் கொள்ளவேண்டுமென்று ஓரிடத்திற் கூறியவர், நெடுநாட் பழகியவரின் பிழையைப் பொறுக்கவேண்டுமென்று அடுத்த அதிகாரத்திற் கூறுகிறார். அதன்பின் விடத்தக்க நட்பு இன்னதென்றும் காட்டுகிறார். பொறுப்பதா, விடுவதா என்னும் வினா நேற்று இன்று தோன்றியதன்று என்பதற்கு இவ்வைந்து அதிகாரங்களின் வைப்புமுறையே சான்றாகும்.

ஆயினும், நண்பர் நமக்குச் செய்த பிழையைப் பொறுப்பது வேறு. பிறருக்குச் செய்யும் பிழையைப் பொறுப்பது வேறு. நம்மிடத்தில் அவர் குறையற்றவர். நம் வீட்டு நன்மை தீமைகளுக்கு முதலில் வந்து நிற்பவர். கடன் கேட்டால் முகஞ்சுளியாதவர். ஆனால் வேறோர் இனத்தாரைப்பற்றியோ, வேறு பகுதியிலிருந்து வந்தோரைப்பற்றியோ பேச்செழுந்தால் அவர் நாவில் நஞ்சு ஊறுகிறது. இத்தகைய ஒருவரோடு சிநேகத்தைத் தொடர்வதா? இவ்வினாவுக்கு முகங்கொடாத குடும்பம் நம் நாட்டில் மிகச் சிலவே.

இரு தத்துவ ஞானியர்

கற்றவர்களிடத்தில் இவ்விடர்ப்பாடு தோன்றாது என்று கருதுவார்க்கு, ஜேர்மனிய தத்துவ ஞானியர் இருவரின் வரலாறு தக்க மறுமொழியாகும். கார்ல் யாஸ்பேர்ஸ், மார்ட்டின் ஹைடெக்கர் என்னும் இவ்விருவரும் 1920ஆம் ஆண்டு, பேராசிரியர் ஹுசேர்லின் பிறந்தநாள் விருந்திற் சந்தித்தனர். பழைய முறையிலே தத்துவம் போதித்த பேராசிரியர்களில் அதிருப்தியுற்றிருந்த இருவரும் விரைவில் உற்ற நண்பராயினர். ஹைடெக்கர் ஹைடல்பேர்க் நகரிலுள்ள யாஸ்பேர்ஸின் இல்லத்தில் நாட்கணக்காகத் தங்கி உரையாடுவார். அவ்வில்லத்தின் தலைவி கேர்ட்ரூட் யூத குலத்திற் பிறந்தவர்.

1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு ஏப்பிரில் மாதத்தில் ஹைடெக்கர் பிரைபேர்க் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். மே மாதம் முதலாந்திகதி நாஸிக் கட்சியிற் சேர்ந்தார். கல்வியறிவற்ற ஒருவர் நாட்டை எங்ஙனம் ஆள்வாரென்று யாஸ்பேர்ஸ் வினவியபொழுது, கல்வி ஒரு பொருட்டன்று, அவருடைய கைகளின் அழகைப் பாருங்கள் என்னும் கருத்துப்பட ஹைடெக்கர் விடையிறுத்தாராம். இதனை யாஸ்பேர்ஸே பின்னர் எழுதிவைத்துள்ளார். அந்த 1933ஆம் ஆண்டிற்குப்பின் ஹைடெக்கர் அவ்வீட்டு வாயிலை மிதிக்கவில்லை. சில ஆண்டுகளிற் கடிதங்களும் நின்றன.

யூதப் பெண்ணை மணந்தவர் என்பதனால் 1937இல் யாஸ்பேர்ஸின் பேராசிரியர் பதவி பறிக்கப்பட்டது. கணவனும் மனைவியும் எந்நேரமும் கைதாகலாமென்று அஞ்சி, நஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டே நாட்களைக் கழித்தனர். 1945ஆம் ஆண்டு ஏப்பிரில் மாத நடுப்பகுதியில் அவர்களை நாடு கடத்த ஏற்பாடாகியிருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னதாக அமெரிக்கப் படை நகருட் புகுந்தமையால் உயிர் தப்பினர்.

போர் முடிந்தது. ஹைடெக்கர் தொடர்ந்து போதிக்கலாமா என்று ஆராய ஒரு குழு அமைந்தது. யாஸ்பேர்ஸின் கருத்தைக் கேட்குமாறு ஹைடெக்கரே வேண்டினார். பழைய சிநேகம் தம்மைக் காக்குமென்று எண்ணினார் போலும்!

1945 டிசம்பரில் யாஸ்பேர்ஸ் எழுதிய அறிக்கை, பகைமையுமின்றிப் பட்சபாதமுமின்றி எழுதப்பட்டதோர் ஆவணம். ஹைடெக்கர் தம் யூத உதவியாசிரியர் ஒருவர் இங்கிலாந்து செல்ல உதவியதை அதிற் குறிப்பிட்டார். வேறோர் அறிஞரைப்பற்றி மேலிடத்துக்கு எழுதும்பொழுது, அவர் ஒரு யூதரோடு தொடர்புடையவர் என்று இனத்தைச் சுட்டிக் குற்றஞ்சாட்டியதையும் மறையாது குறிப்பிட்டார். அவருடைய அறிவாற்றல் பெரிது. ஆதலின் அவர் எழுதுவதற்கு வேண்டிய உதவித்தொகை அளிக்கப்படலாம். ஆனால் சில ஆண்டுகளுக்கு அவர் மாணவருக்குப் போதித்தல் ஆகாது. பின்னர் மீண்டும் ஆராயலாம் என்பதே அவருடைய முடிவு. 1949இல், அத்தடை நீக்கப்படலாமென்று எழுதியவரும் யாஸ்பேர்ஸே.

அவ்வாண்டிலேயே யாஸ்பேர்ஸ் தாமாகவே முன்வந்து ஹைடெக்கருக்குக் கடிதம் வரைந்தார். 1950ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹைடெக்கர் ஒரு விளக்கம் எழுதினார். 1933இற்குப் பின்னர் வாராதிருந்தது, அவ்வீட்டில் யூதப் பெண்ணொருவர் வாழ்ந்தமையாலன்று, வெட்கத்தினாலேயே என்பது அதன் சாரம். யாஸ்பேர்ஸ் அதற்கு நன்றி கூறினார். ஆயினும் அவர் காத்திருந்தது அதனினும் தெளிவான ஒரு வார்த்தைக்காக. அது வரவில்லை. அதன்பின் இருவரும் நேரிற் சந்திக்கவேயில்லை. 1969இல் யாஸ்பேர்ஸ் மறைந்தபின், ஹைடெக்கரைப்பற்றி அவர் நெடுங்காலம் எழுதிவந்த குறிப்புக்கள் அவருடைய மேசையிற் காணப்பட்டன. 2014ஆம் ஆண்டு தொடக்கம் ஹைடெக்கரின் சொந்தக் குறிப்பேடுகள் அச்சேறியபொழுது, யூதர்மீது அவர் கொண்டிருந்த வெறுப்பு அவருடைய கையெழுத்திலேயே வெளிப்பட்டது.

இவ்வரலாற்றில் என் கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு. யாஸ்பேர்ஸ் நண்பரை வெறுக்கவுமில்லை, மறக்கவுமில்லை. ஆனால் மூன்று காரியங்களைத் தனித்தனியே வைத்தார். நண்பரின் அறிவை மதித்தது ஒன்று. இளைஞரை அவரிடம் ஒப்படைக்க மறுத்தது ஒன்று. தம் மனைவிக்கு இழைக்கப்பட்டதை ஒன்றுமில்லாததாகப் பாவிக்க மறுத்தது மற்றொன்று.

மூன்றாமவர்

நட்பு இருவருக்கிடையே உள்ளதென்றே நாம் எண்ணுகிறோம். இத்தகைய நட்பிலோ மூன்றாமவர் ஒருவர் எப்பொழுதும் இருக்கிறார். நண்பரின் சொல்லாற் புண்படுபவர் அவர். அவர் சார்பாகப் பொறுத்தருளும் உரிமை நமக்கு இல்லை.

எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. பல்கலைக்கழக நாட்களில் ஒரே அறையில் இருந்தவர். என் தகப்பனார் வைத்தியசாலையிற் கிடந்த பதினொரு இரவுகளில் ஆறு இரவுகள் கண்விழித்தவர். மாலை வேளைகளில் என் வீட்டுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுள் ஒருவன், மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பத்தவன். ஒருநாள் என் சிநேகிதர் விறாந்தையிலிருந்து தேநீர் அருந்தியவாறு, தம் உறவினர் ஒருவரின் விவாகப் பேச்சைப்பற்றிக் கூறுகையில், மலையகத்தாரை இழிவாகக் குறிக்கும் அந்தச் சொல்லைச் சொன்னார். அச்சொல் யாவரும் அறிந்ததே, ஈண்டு எழுதவேண்டியதில்லை. பையன் கொப்பியின்மேற் குனிந்தான், நிமிரவில்லை.

“இந்த வீட்டிலை அந்தச் சொல்லைச் சொல்லாதை” என்று அவ்விடத்திலேயே, பையன் கேட்கக் கூறினேன். நண்பரைத் தனிமையில் இடித்துரைப்பதே முறையென்பர். ஆனால் இழிவு சபையில் நிகழும்பொழுது கண்டனம் தனிமையில் நிகழ்ந்தால், இழிவுற்றவன் அறியாமற் போகிறான்.

படலை வரை கூட வந்த சிநேகிதர், “இருபத்தைஞ்சு வருஷச் சிநேகிதத்தை ஒரு சொல்லுக்காக விடப்போறியோ?” என்று கேட்டார்.

“சொல்லை நீ மறந்திடுவாய். அந்தப் பெடியன் மறக்கமாட்டான்” என்றேன்.

அவர் சில மாதங்கள் வரவில்லை. பின்னர் வந்தார். இப்பொழுது அச்சொல்லைச் சொல்வதில்லை. மனம் மாறினாரென்று சொல்லவும் என்னால் இயலாது. அவருடைய மோட்டார்ச் சைக்கிள் படலையில் நின்றால், பையன் வேலியோரமாகச் சுற்றிப் பின்வாயிலால் வருவதைக் கண்டேன். அதன்பின் முடிவு செய்தேன். நான் அவர் வீட்டிற்குச் செல்வேன்; அவருக்கு நோயென்றால் இரவு முழுதும் இருப்பேன். ஆனால் அவர் அப்பையனிடம் ஒரு வார்த்தை சொல்லும்வரை, பிள்ளைகள் படிக்கும் வேளையில் என் விறாந்தையில் அவருக்குக் கதிரை இல்லை. இதனை அவரிடமே கூறிவிட்டேன். அவர் இன்னும் அவ்வார்த்தையைச் சொல்லவில்லை.

நம் வீட்டுக் கணக்கு

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்கு அஞ்சி வன்னிக்கு வந்தோர் பலர். இத்தனையும் பட்டு வந்த மக்களைத் தமிழர் வீட்டு விறாந்தையில் இருந்து தமிழிலேயே இழித்துப் பேசுவது எத்துணைக் கொடுமை! 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டே மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டதும் நம் கண்முன் நிகழ்ந்ததே. அயலவரைப்பற்றிய இழிசொல் நெடுங்காலம் உலாவிய இடத்தில், அயலவர் போகும்பொழுது கண்ணீர் குறைவாகவே சுரக்கும்.

1983 ஜூலையில் தமிழரைத் தம் வீட்டுள் மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களை நாம் நன்றியுடன் பேசுகிறோம். தமிழரைப் பழித்துப் பேசும் நண்பரை ஒரு சிங்களவர் தடுக்கவேண்டுமென்றும் எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பு நியாயமானதே. ஆயின் அதே கடமை நம் விறாந்தையில் நமக்கும் உண்டன்றோ?

விடுவதா, இருப்பதா?

உறவை அறவே முறித்துவிடுக என்பாருளர். அவர்களை நோக்கி ஒன்று கூறவேண்டும். துவேஷம் கொண்டவன் பகைவன் சொல்வதைக் கேளான். நண்பன் சொன்னால் ஒருகால் கேட்பான். அமெரிக்காவிலே டறில் டேவிஸ் என்னும் கறுப்பின இசைக் கலைஞர், கூ குளுக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறிச் சங்கத்தினரோடு பல ஆண்டுகள் உரையாடிப் பழகினார். அவர்களுட் சிலர் சங்கத்தைத் துறந்து, தம் அங்கிகளை அவரிடமே கையளித்தனர். இது வியத்தற்குரியது. ஆனால் அத்துணைப் பொறுமையை அவராகவே ஏற்றார். இழிவுற்றவரிடம் அப்பொறுமையைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. இழிவுறாத நமக்கே அது கடமை. நமக்கு அதனால் வரும் நட்டமோ மிகச் சிறிது.

ஆதலின், முறிப்பதன் முன்னர் சிலவற்றை ஆராய்தல் நன்று. நண்பர் கூறுவது பாட்டன் பாட்டியிடம் கேட்டுப் பழகிய வாய்ச்சொல்லா, செயலாக முற்றிய வெறுப்பா? எடுத்துரைத்தால் ஒரு கணமாவது செவிசாய்க்கிறாரா? மாணவரை, நோயாளரை, கந்தோருக்கு மனுக்கொண்டு வருவோரை நடத்தும் அதிகாரம் அவர் கையில் உண்டா? இவை மூன்றனுள் கடைசி வினாவே பெரிது. அதிகாரமற்றவரின் துவேஷம் மனத்தைப் புண்படுத்தும். அதிகாரமுடையவரின் துவேஷமோ பிறர் வாழ்வையே அழிக்கும். அங்கே சிநேகத்தின்பொருட்டு வாய்மூடியிருத்தல் அக்கேட்டிற்கு உடன்படுதலாகும். செவிசாய்ப்பவரை விட்டு விலகவேண்டியதில்லை. எத்துணை கூறினும் இழிசொல்லிலே இன்பங் காண்பவரிடத்திலிருந்து விலகுதலே தகும். அங்ஙனம் விலகும்பொழுதும் காரணத்தைச் சொல்லியே விலகவேண்டும். சொல்லாமல் நழுவுபவர் தமக்கு அமைதியைத் தேடிக்கொள்கிறார்; நண்பருக்கு ஒன்றும் கற்பிப்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் பிள்ளைகள் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். விருந்தினர் ஒருவர் அயலவரை இழித்துரைக்கையில் தாயும் தந்தையும் சிரித்தார்களா, பேச்சை மாற்றினார்களா, தடுத்தார்களா என்பதை அவர்கள் பார்க்கிறார்கள். பாடசாலையில் நாம் பத்து ஆண்டுகள் போதிக்கும் சமத்துவத்தை, வீட்டில் ஒரு மாலைப்பொழுதின் மௌனம் அழித்துவிடும். அம்மாலைப்பொழுதில் நாம் சொல்லும் ஒரு சொல் அதனைக் காத்தும் விடும்.