காமிராப் பதிவும் சர்வரின் தாங்கும் சக்தியும்

நூல் கிடங்குகளிலும், விற்பனை நிலையங்களிலும், நகைக் கடன் வழங்கும் சங்கங்களின் பாதுகாப்பு அறைகளிலும் கண்காணிப்புக் காமிராக்கள் பொருத்தப்பட்டு வருகின்றன. காமிரா எத்தனை, விலை என்ன என்பவற்றை நிர்வாகக் குழுவினர் தீர விசாரிக்கின்றனர். ஆனால், அவை அனுப்பும் படங்களைப் பெற்றுப் பதிந்து வைக்கும் சர்வர் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை விலைப்புள்ளி தருபவரின் விருப்பத்திற்கே விட்டுவிடுகின்றனர். இருப்புக் குறைவு நேர்ந்து, குறிப்பிட்ட ஓர் இரவின் பதிவைத் தேடும்போது அது அங்கு இல்லையெனில், பழி கிடங்குக் காவலர் மீதோ எழுத்தர் மீதோ விழும். அவர் குற்றமற்றவர் எனக் காட்டுவதற்கும் சான்று இராது. ஆகவே இக்கணக்கை நிர்வாகிகள் தாமே போட்டறிதல் அவசியம் என்று கருதுகிறோம்.

கணக்கு கடினமானதன்று. ஒரு காமிரா விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்புவதாகக் கொள்வோம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே விநாடிக்கு அரை மெகாபைட். நாளொன்றுக்கு 86,400 விநாடிகளாதலால், ஒரு காமிராவின் ஒரு நாள் பதிவு 43.2 ஜிகாபைட் ஆகும். 16 காமிராக்களுக்கு 691.2 ஜிகாபைட். முப்பது நாள் பதிவை வைத்திருக்க வேண்டுமாயின் ஏறக்குறைய 20.7 டெராபைட் இடம் தேவை. 8 டெராபைட் ஹார்டு டிஸ்க் மூன்று போதும் போலத் தோன்றும். ஆனால் அவற்றில் ஒன்று பழுதுற்றால் அதிலுள்ளவை அனைத்தும் போய்விடும். இதற்காகவே ‘ரெய்டு 5’ என்னும் முறை கையாளப்படுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988-ல் வெளியிட்ட கட்டுரையில் இம்முறை விளக்கப்பட்டது. நான்கு டிஸ்க்குகளை இவ்வாறு இணைத்தால் மூன்றின் கொள்ளளவு கிடைக்கும். ஏதேனும் ஒன்று கெட்டாலும் பதிவு அழியாது. (8 டெராபைட் என அச்சிட்ட டிஸ்க்கைக் கணிப்பொறி 7.27 என்று காட்டக்கூடும். இது வணிகரின் மோசடியன்று; ஒருவர் ஆயிரத்தாலும் மற்றவர் 1,024-ஆலும் பெருக்குவதே காரணம். ஊருக்கு ஊர் படியளவு மாறியிருந்த காலத்தை நம் அங்கத்தினர் மறந்திருக்கமாட்டார்கள்.)

இனி, அந்த 4 மெகாபிட் என்பது நிலையானதன்று. இருளில் எடுக்கப்படும் படத்தில் புள்ளிகள் துடித்துக்கொண்டேயிருக்கும். அவற்றையும் அசைவென்றே எண்ணிக் காமிரா மிகுதியாக அனுப்பும். மழையும் ஆடும் மரக்கிளையும் அவ்வாறே. சராசரி 6 மெகாபிட்டாக உயர்ந்துவிட்டால் மேற்கூறிய 24 டெராபைட்டும் 23 நாட்களில் நிரம்பிவிடும். பிறகு மென்பொருள் பழைய பதிவுகளைச் சத்தமின்றி அழித்துக்கொண்டே செல்லும். முதல் வாரத்தில் சிப்பம் களவு போய், மாத இறுதிச் சரிபார்ப்பில் அது தெரியவந்தால், பார்ப்பதற்குப் பதிவு இருக்காது. அசைவு உள்ளபோது மட்டும் பதிந்தால் இடம் மிஞ்சும் என்பர். பூட்டிய கிடங்கிற்கு இது பொருந்தும். நாள் முழுதும் நாடா ஓடும் தறிக்கூடத்திற்குப் பயன்படாது. 2013-ல் வந்த எச்.265 முறையில், 2003-ன் எச்.264 முறைக்குத் தேவையானதில் ஏறக்குறையப் பாதியே போதும். ஆயினும் அதை விரித்துக் காட்டக் கணிப்பொறி கூடுதலாக உழைக்க வேண்டும்.

வந்த படத்தை அப்படியே எழுதி வைப்பது சர்வருக்குப் பெரும் பாரமன்று. படத்தை விரித்து அசைவைத் தேடும் வேலையை அதன் மீது சுமத்தும்போதுதான் மூச்சு வாங்குகிறது. அவ்வேலையைக் காமிராவே செய்யுமாறு அமைப்பது மேல்.

சோதனையைப் பொறுத்தவரை, பொருத்திய அன்று பத்து நிமிடம் படம் தெரிவதைக் காட்டிக் கையெழுத்து வாங்கிச் செல்லும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று. எல்லாக் காமிராக்களும் ஒருசேர ஓர் இரவும் பகலும் ஓட வேண்டும். டிஸ்க் காலியாக இருக்கையில் செய்யும் சோதனை ஏமாற்றும். தட்டின் வெளிவட்டம் முதலில் நிரம்பும். அங்கு எழுதும் வேகம் அதிகம். உள்வட்டத்தை நெருங்கும்போது வேகம் குறையும். பழையதை அழிக்கும் வேலையும் உடன் சேரும். ஆதலால் இடத்தை நிரப்பிய பின்னரே சோதித்தல் வேண்டும். அடுத்து, ஓடும்போதே ஒரு டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை இட்டு, இழந்ததை அது மீட்டெழுதும் வேளையில் இருவர் பழைய பதிவைத் தேடிப் பார்க்கட்டும். அப்போதும் புதிய பதிவில் இடைவெளி விழலாகாது. மின்சாரம் நின்று வந்ததும் 16 காமிராக்களும் ஒரே நேரத்தில் மீண்டும் இணைகின்றனவா என்பதையும் காண்க. சாதாரண வேளையில் பிராசஸரின் உழைப்பு நூற்றுக்கு எழுபதைத் தாண்டுமாயின், அச்சர்வர் சிறியது என்பதே நமது அபிப்பிராயம்.

இச்சோதனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதி, அவை காரியதரிசியின் முன்னிலையில் நிறைவேறி, முடிவுகள் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும் வரையில் கடைசித் தவணையை நிறுத்தி வைக்கலாம்.